பதினேழாம் பக்கம்

டீச்சரின் லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்த்து டெபியன் என்கிற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட உட்கார்ந்தோம். டெபியன் இன்ஸ்டாலர், டிஸ்கைப் பகுதி பகுதியாக, அதாவது பார்ட்டிஷனாகப் பிரிக்கிற இடம் வரை ஒழுங்காக வந்தது. அங்கே டிஸ்க் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: 16 ஜிபி. அது நாங்கள் செருகியிருந்த பென்டிரைவ். டீச்சருடைய 256 ஜிபி எஸ்எஸ்டியைக் காணோம். பத்து நிமிடத்துக்கு முன்னால் அதே எஸ்எஸ்டியிலிருந்துதான் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்குப் பயமா இருக்குக்கா. நாலு வருசக் கேள்வித்தாள் பூரா அதுலதான் கெடக்கு" என்றார் டீச்சர்.

கேள்வித்தாள்கள் பத்திரமாகத்தான் இருந்தன. காலையில் வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டோம். நகல் எடுக்காமல் எந்தப் பெட்டியையும் தொடக்கூடாது என்பது எங்கள் நோட்டின் மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை. இரண்டு டெஸ்க்டாப், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், நாலு ஸ்டூல். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்று பார்த்தால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. என் பெட்டிகள் இரண்டும் நாலாம் தலைமுறை. நன்றாக ஓடுகிற பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்திருந்த டெபியன் 13-ஐப் போட்டேன். கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "இது என்னக்கா வேற மாதிரி இருக்கு?" என்று கேட்கப்போய், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தது.

ஆரம்பித்தது என்று சொல்கிறேனே தவிர, முதல் கூட்டம் ஒரு கூத்து. தெரிந்தவர் வீட்டு மாடியில் புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து, யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன, அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் 1983-இல் க்னூ திட்டத்தை ஏன் அறிவித்தார், நான்கு சுதந்திரங்கள் எவை என்று ஒன்றே கால் மணி நேரம் பேசினேன். பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். உளுந்தவடையும் காப்பியும் தீர்ந்தன. அடுத்த ஞாயிறு நாலு பேர். அதற்கடுத்த ஞாயிறு நானும் பாலிடெக்னிக் தம்பியும் மட்டும். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் வருடக்கணக்கில் நடக்கின்றன, நமக்கு மட்டும் ஏன் மூன்றாவது வாரமே காற்றுப் போகிறது என்று எரிச்சலாக இருந்தது.

தம்பி அன்றைக்கு வந்ததற்குக் காரணம் என் பேச்சு இல்லை. அவன் லேப்டாப்பில் இன்ஸ்டால் பாதியில் நின்றுபோய் ஒரு வாரமாகக் கிடந்தது, அவ்வளவுதான். அதைச் சரி செய்ய மூன்று ஞாயிறு ஆயிற்று. மூன்று ஞாயிறும் வந்தான். சரியான பிறகும் வந்தான். இதற்கு நேர்மாறாக, அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் புத்தம் புது லேப்டாப்போடு வந்தார். வைஃபை உட்பட எல்லாம் முதல் தடவையே பிடித்துக்கொண்டது, இருபத்தைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நன்றி சொல்லி, ஒரு சீப்பு நாட்டுப்பழமும் கொடுத்துவிட்டுப் போனார். திரும்ப வரவே இல்லை. அவர் மேல் குறை இல்லை, அவருக்கு வேலை முடிந்தது. இன்றைக்கு ஞாயிறுதோறும் வருகிற ஏழு பேரை எண்ணிப் பார்த்தால், ஆறு பேருக்கு முதல் தடவை இன்ஸ்டால் ஆகவில்லை.

இதைக் கவனித்த பிறகு புரொஜெக்டரை விட்டுவிட்டு ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பெட்டி. என்ன மாடல், எங்கே நின்றது, திரையில் என்ன வந்தது, என்னென்ன செய்து பார்த்தோம், கடைசியில் எது சரி செய்தது. சரி ஆகாவிட்டால் "ஆகல" என்று எழுத வேண்டும். பெட்டிக்குச் சொந்தக்காரர்தான் எழுத வேண்டும், நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். கடைசி விதியைத் தற்செயலாகத்தான் வைத்தேன். பிரிண்ட் எடுக்க ஆள் வந்துவிட்டால் எனக்குக் கை ஒழியாது.

டெபியன்காரர்கள் 1997-இல் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில், குறைகளை மறைக்க மாட்டோம், வழுப் பட்டியல் முழுவதும் எப்போதும் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும் என்று ஒரு பிரிவு உண்டு. நோட்டு ஆரம்பித்து ஒரு மாதம் கழித்துத்தான் அதைப் படித்தேன். அட, நம்ம நோட்டு என்று தோன்றியது.

மூன்றாம் பக்கக் கதை இதுதான். ஒருவருடைய டெஸ்க்டாப்பில் இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டும் 500 ஜிபி. இன்ஸ்டாலரில் முழு டிஸ்கையும் பயன்படுத்து என்பதைத் தேர்ந்தெடுத்து, முதலாவதாக இருந்ததை அமுக்கிவிட்டேன். அது விண்டோஸ் இருந்த டிஸ்க் இல்லை, அவர் தங்கச்சி கல்யாண ஃபோட்டோ இருந்த டிஸ்க். ஃபோட்டோரெக் என்ற மீட்புக் கருவியை வைத்துத் தோண்டியதில் நிறையத் திரும்பக் கிடைத்தது, ஆனால் கோப்புப் பெயர்கள் போய் எல்லாம் எண்களாக வந்தன. தாலி கட்டுகிற படத்துக்குப் பக்கத்தில் கேஸ் பில் ஸ்கேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏழு பேரில் அவரும் ஒருவர். புதிதாக வருகிறவர்களிடம் மூன்றாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறவரும் அவர்தான்.

சரி, டீச்சர் லேப்டாப்.

டெபியன் இன்ஸ்டாலர் ஓடும்போது கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்த்து எஃப்2 அழுத்தினால் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க ஒரு ஷெல் கிடைக்கும். எஃப்4 அழுத்தினால் இன்ஸ்டாலர் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பதெல்லாம் வரிவரியாக ஓடும். எஃப்5 அழுத்தினால் படத்தோடு கூடிய திரைக்குத் திரும்பிவிடலாம். இந்த மூன்று விசையும் தெரியாமல் இன்ஸ்டாலரோடு மல்லுக்கட்டுவது, டார்ச் இல்லாமல் கிணற்றுக்குள் சாவி தேடுகிற மாதிரி. எஃப்2 போய், லினக்ஸின் மையக் கருவான கெர்னல் விடுகிற செய்திகளில் ஏஹெச்சிஐ என்ற சொல்லைத் தேடினோம். டிஸ்கோடு நேரடியாகப் பேசுகிற முறைக்கு அந்தப் பெயர். இரண்டு வரி கிடைத்தது. ஒரு என்விஎம்இ டிஸ்க், அதாவது டீச்சரின் எஸ்எஸ்டி வகை, இடம் மாற்றி வைக்கப்பட்டிருப்பதாக முதல் வரி. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் பயாஸில், அதாவது பெட்டி எழும்போது முதலில் ஓடுகிற அடிப்படை அமைப்பில், ரெய்டு என்ற முறையிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாறு என்று இரண்டாம் வரி. நோயையும் சொல்லி மருந்தையும் சொல்கிற செய்தி அபூர்வம்.

நடப்பது இதுதான். இன்டெல் ஆர்எஸ்டி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும்போது என்விஎம்இ எஸ்எஸ்டி நேரடியாக வெளியே தெரியாது, டிஸ்குகளை இணைக்கிற சாட்டா கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும். விண்டோஸில் அதற்கான டிரைவர் இருப்பதால் அதற்குத் தெரியும். லினக்ஸ் கெர்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிகிறது, கூப்பிட வழி இல்லை. இந்த லேப்டாப் பத்தாம் தலைமுறை, அந்தக் காலத்துப் பெட்டிகளில் இது சகஜம்.

மருந்து தெரிந்துவிட்டதே என்று ரீஸ்டார்ட் செய்து, பெட்டி எழும்போதே எஃப்2 தட்டி பயாஸுக்குள் போனேன். மெயின் பக்கம், செக்யூரிட்டி பக்கம், பூட் பக்கம், எல்லாம் பார்த்தாயிற்று. ரெய்டு, ஏஹெச்சிஐ, சாட்டா மோட் எந்தப் பேச்சும் இல்லை. பயாஸ் பழசோ என்று நினைத்துப் புதுப் பதிப்பு தேடினேன். வேறு பென்டிரைவ் மாற்றிப் பார்த்தேன். டெபியனை விட்டு மின்ட் என்ற வேறு லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன், அதற்கும் டிஸ்க் தெரியவில்லை, ஒரே கெர்னல் குணம்தானே. முக்கால் மணி நேரம் போயிற்று. டீச்சர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி அப்போதுதான் வந்தான். பின்னால் நின்று ஒரு நிமிடம் பார்த்தான்.

"எக்கா, நோட்டப் பாத்தியளா?"

"எந்தப் பக்கம்?"

"பதினேழு. நாந்தான் எழுதி வச்சேன். இதே கம்பெனிப் பெட்டிதான்."

பதினேழாம் பக்கத்தைப் பிரித்தேன். அவன் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். இப்படி எழுதியிருந்தான்: "பயாசில் மெயின் பக்கதில் நின்னுகிட்டு கண்ரோல் எஸ் அமுக்கனும். அதுவரை மறஞ்சுருக்கு. அமுக்குனா சாட்டா மோடு வெளிய வரும்."

மெயின் பக்கத்துக்குப் போய் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினேன். இல்லாத இடத்தில் ஒரு வரி முளைத்தது: சாட்டா மோட். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது கோபம்தான். ஒரு டிஸ்கைப் பார்ப்பதற்குக் கதவைத் தட்டி மந்திரம் சொல்ல வேண்டுமா? இரண்டாவது கோபம் என் மேலேயே. நோட்டு என் மேஜை மேல் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தை எழுதச் சொன்னவளும் நான்தான்.

அந்த அவசரத்தில் செய்த தப்பு இன்னும் பெரிது. ஏஹெச்சிஐ என்று மாற்றி, சேமித்து, லினக்ஸ் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு, விண்டோஸ் வருகிறதா என்று பார்க்கலாம் என விட்டேன். நீலத் திரை. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைப் போடு, 48 இலக்கம் என்றது.

கடை அமைதியாகிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெரியப்பாதான் முதலில் பேசினார். "ஏ பிள்ள, அது என்னமோ நம்பர் கேக்கு."

"ஆமா பெரியப்பா."

"கையில இருக்கா?"

டீச்சர் கையில் இல்லை. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. 2021-இல் லேப்டாப் வாங்கியபோது, கடையில் ஒரு பையன் எல்லாவற்றையும் செட் பண்ணிக் கொடுத்திருக்கிறான். டீச்சரிடம் அப்போது மெயில் முகவரி இல்லாததால் தன்னுடைய மெயிலையே போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்கிறான். இந்த மாதிரி லேப்டாப்களில் அப்படி முதல் தடவை நுழையும்போதே டிஸ்க் பூட்டப்பட்டு, சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதாவது டீச்சர் வீட்டுச் சாவி நாலு வருடமாக எங்கோ ஒரு பையனின் மெயிலில் இருக்கிறது. அவனுக்கே அது தெரியாது. பையன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம்.

தப்பித்தது எப்படியென்றால், மாற்றியதைத் திரும்ப மாற்றினேன். பயாஸுக்குள் போய், கண்ட்ரோல் எஸ் அழுத்தி, பழைய நிலைக்கே வைத்தேன். விண்டோஸ் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து வந்தது. டீச்சர் விட்ட மூச்சு பக்கத்துக் கடை வரை கேட்டிருக்கும். இது எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம். முதலில் சாவியை எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பூட்டைத் திறந்துவிடுங்கள். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி போய், டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்தோம். சார்ஜரைச் செருகி வைத்துவிட்டு, அது முழுக்க அவிழும் வரை கை வைக்காமல் இருந்தோம். ஒன்றரை மணி நேரம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் மற்ற பெட்டிகள். ஒரு டெஸ்க்டாப்பில் லினக்ஸ் நன்றாகப் பதிந்துவிட்டது, ஆனால் பிரவுசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை, அப்டேட்டும் வரவில்லை. வைஃபை டிரைவர் கோளாறு என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் கடிகாரத்தைப் பார்த்தால் பழைய தேதி. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்துப்போய், பெட்டி ஒவ்வொரு தடவையும் பிறந்த தேதிக்கே போய்க்கொண்டிருந்தது. தேதி தப்பென்றால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை ஆகிவிடும், அப்புறம் எந்தத் தளம் திறக்கும்? வாட்ச் கடையில் பேட்டரி வாங்கிப் போட்டதும் சரியாயிற்று. பக்கம் இருபத்தி இரண்டு. இன்னொருவர் கொண்டுவந்த பென்டிரைவில் 64 ஜிபி என்று அச்சடித்திருந்தது, உள்ளே அவ்வளவு இல்லை. அதில் எழுதிய இன்ஸ்டாலர் இமேஜின் ஷா256 என்ற சரிபார்ப்பு எண் ஒத்துவராதபோதே பிடித்துவிட்டோம்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். கன்னடியன் கால்வாயில் மடை திறப்பதும் அடைப்பதும்தான் முப்பது வருட வேலை. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவர் பேத்திக்கு வந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெட்டிகளில் விண்டோஸோடு, சிடாக் என்ற அரசு நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்கள் தெருவில் அதைத் திறந்து பார்த்தவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. பெரியப்பா பெட்டியில் ரேம் 2 ஜிபி. எல்எக்ஸ்க்யூடி என்ற இலேசான மேஜைச்சூழலோடு டெபியன் மெதுவாக ஆனால் ஒழுங்காக ஓடுகிறது. பேப்பர் படிக்க, பேத்தியிடம் பேச அவருக்கு அது போதும்.

அவர் பெட்டி மூன்று தடவை கடைசிக் கட்டத்தில் க்ரப் பதிய முடியாமல் தோற்றது. பெட்டி எழும்போது லினக்ஸைத் தூக்கிவிடுகிற பூட்லோடர்தான் க்ரப். நான் பார்ட்டிஷனைக் கையால் பிரித்திருந்தேன். டிஸ்கில் ஜிபிடி என்ற புது வகைப் பார்ட்டிஷன் அட்டவணை, பெட்டி எழுந்திருப்பதோ பழைய பயாஸ் முறையில். அந்தக் கூட்டணியில் க்ரப் உட்கார 1 எம்பி அளவில் தனியாக ஒரு பார்ட்டிஷன் விட வேண்டும். இன்ஸ்டாலரையே பிரிக்கச் சொல்லியிருந்தால் அதுவே விட்டிருக்கும். கையால் செய்கிறவளுக்குத்தான் மறந்துபோகும். நான் இதை அவருக்கு விளக்கப் பார்ட்டிஷன், பூட்லோடர் என்று திணறிக்கொண்டிருக்க, அவர் திரையில் உள்ள கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாத்தி கட்டியிருக்க. மடை விடல. தண்ணி எங்கன கூடி வரும்?"

அன்றிலிருந்து எங்கள் கடையில் பார்ட்டிஷன் பாத்தி, பூட் ஆவதற்கான சின்னப் பார்ட்டிஷன் மடை. புதுப் பெட்டிகளில் பூட் கோப்புகளுக்காக /பூட்/இஎஃப்ஐ என்று ஒதுக்குகிற பகுதியும் மடைதான். டெபியன் இன்ஸ்டாலரைத் தமிழிலேயே ஓட்டலாம். படத்தோடு கூடிய முறையில் மட்டும்தான் தமிழ் வரும், எழுத்து மட்டும் உள்ள முறையில் வராது. பெரியப்பா தமிழிலேயே ஓட்டுவார். ஓட்டிக்கொண்டே சில சொற்களைப் பார்த்து, "இத எழுதினவரு வயக்காட்டுல இறங்கினதில்ல போல" என்பார். மொழிபெயர்ப்பு தன்னார்வலர்களின் வேலை, நாமும் திருத்தி அனுப்பலாம் என்று சொன்னதும் சும்மா இருந்துவிட்டார். அடுத்த வாரம் ஒரு துண்டுச் சீட்டில் பதினொரு சொல் எழுதிக்கொண்டு வந்தார். அது இன்னும் நோட்டுக்குள் இருக்கிறது. அனுப்ப வேண்டியது நான், சோம்பேறி.

பூட்டு அவிழ்ந்தது. இந்தத் தடவை வரிசையாகச் செய்தோம். விண்டோஸில் முதலில் டீச்சர் பெயரில் ஒரு லோக்கல் அட்மின் கணக்கு, நினைவிருக்கிற பாஸ்வேர்டோடு. அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழுகிற சேஃப் மோடில் சில சமயம் பின் நம்பரை ஏற்காது, அப்போது பையனின் பாஸ்வேர்டைத் தேடித் திருப்பூருக்குப் போக முடியாது. பிறகு எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட் என்பதில் டிக். ரீஸ்டார்ட். பயாஸ், கண்ட்ரோல் எஸ், ஏஹெச்சிஐ, சேமிப்பு. விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து, ஏஹெச்சிஐ டிரைவரைத் தானே எடுத்துக்கொண்டது. திரும்ப எம்எஸ்கான்ஃபிக், டிக்கை எடு, ரீஸ்டார்ட். வழக்கமான விண்டோஸ், நீலத் திரை இல்லை. யாரோ கை தட்டினார்கள், டீச்சர் என்று நினைக்கிறேன்.

டெபியனுக்கு இடம் விட விண்டோஸ் பாத்தியைச் சுருக்குவதில் ஒரு சின்ன முடிச்சு. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 90 ஜிபி காலி இருந்தும் 11 ஜிபிக்கு மேல் விட மாட்டேன் என்றது. நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கும், அவற்றில் தடியானது ஹைபர்னேஷன் கோப்பு. ஹைபர்னேஷனை அணைத்ததும் 60 ஜிபி கிடைத்தது. அணைத்ததில் இன்னொரு நன்மை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்து போய்விடும். அது இருந்தால் விண்டோஸ் முழுதாகத் தூங்காமல் அரைக்கண்ணோடு கிடக்கும், லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுதவும் முடியாது.

டெபியன் பதிந்தது. டிஸ்க் தெரிந்தது, மடை அதே பழைய மடை, க்ரப் முணுமுணுக்காமல் உட்கார்ந்தது. ரீஸ்டார்ட் செய்தால் நேராக விண்டோஸ். க்ரப்பின் நிழல்கூட இல்லை.

இதற்கும் பதினேழாம் பக்கத்தின் அடியில் அரை வரி இருந்தது: "சூபர்வைசர் பாஸ்வேடு வச்சாதான் மத்தது வெளுப்பு போவும்." வெளுப்பு என்று அவன் எழுதியது, பயாஸில் தொட முடியாமல் மங்கலாக இருக்கிற வரிகளை. இந்தக் கம்பெனிப் பெட்டிகளில் தனக்குத் தெரியாத பூட்லோடரை பயாஸ் பொருட்படுத்தாது. இந்தக் கோப்பு நம்பிக்கையானது என்று நாமே கை காட்ட வேண்டும். அந்த வரியோ சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைக்கும் வரை மங்கலாகவே இருக்கும். செக்யூரிட்டி பக்கத்தில் பாஸ்வேர்டு வைத்தோம். வெளுப்பு போயிற்று. முதல் டிஸ்க், இஎஃப்ஐ, டெபியன், க்ரப்பைக் கூப்பிடுகிற ஷிம்எக்ஸ்64 என்று படிப்படியாக இறங்கிக் கோப்பைக் காட்டி, ஒரு பெயர் கொடுத்து, பூட் வரிசையில் மேலே ஏற்றினோம். கையொப்பம் இல்லாத பூட்லோடரைத் தடுக்கிற செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை, ஷிம் கையொப்பமிடப்பட்டது. அந்த பாஸ்வேர்டை மட்டும் நோட்டில் எழுதக்கூடாது என்று டீச்சரிடம் சொன்னேன். அது மறந்தால் பயாஸுக்குள்ளேயே போக முடியாது. பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்கிறேன் என்றார்.

மாலை ஐந்தரைக்கு க்ரப்பின் பட்டியலில் டெபியன் மேலே, விண்டோஸ் கீழே. ஏழு மணி நேரம். இருபத்தைந்து நிமிடத்தில் முடித்த அம்பாசமுத்திரத்துக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

டீச்சருக்கு விண்டோஸும் வேண்டும் என்பதற்குக் காரணம் கேள்வித்தாள்கள். எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் தமிழ் எழுத்து வெறும் வேஷம்தான், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறிகள். எழுத்துரு இல்லாத பெட்டியில் திறந்தால் கன்னாபின்னாவென்று தெரியும். எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் போட்டு லிப்ரேஆஃபிஸில் திறந்து காட்டினேன், தெரிந்தது. ஆனால் இனிமேல் அடிப்பதை எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடில் அடிக்கச் சொல்லி, ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்புகளைப் போட்டுத் தமிழ்99 விசைப்பலகை வைத்துக் கொடுத்தேன். அதே தொகுப்பில் டைப்ரைட்டர் விசைப்பலகையும் உண்டு. நான் தட்டச்சு ஹையர் பாஸ் பண்ணினவள், எனக்கு விரல் அந்தப் பாதையில்தான் ஓடும். டீச்சர் தமிழ்99-இல் முதல் வரியாக "காலாண்டுத் தேர்வு" என்று அடிக்க நாலு நிமிடம் ஆயிற்று. ஒற்றெழுத்தை விட்டுவிட்டு, தானே கண்டுபிடித்துத் திருத்தினார்.

அன்றிரவு தம்பியும் நானும் இன்ஸ்டாலேஷன் ரிப்போர்ட் எழுதினோம். இன்ஸ்டால் நல்லபடியாக முடிந்தாலும் எழுதி அனுப்பச் சொல்லி டெபியன் கேட்டுக்கொள்கிறது. பெட்டியின் வன்பொருள் விவரங்களை அதற்கான கருவியே திரட்டிக்கொள்ளும், நடந்ததை மட்டும் நாம் எழுத வேண்டும். தம்பி ஆங்கிலத்தில் தடுமாறித் தடுமாறி எழுதினான். கண்ட்ரோல் எஸ் பற்றிய வரியை மூன்று தடவை மாற்றினான். அனுப்பியதும், "இத எவனாவது படிப்பானாக்கா?" என்று கேட்டான். நான் முக்கால் மணி நேரம் படிக்காமல் விட்டவள், என்ன பதில் சொல்ல?

அடுத்த ஞாயிறு கடையைத் திறக்கும்போதே டீச்சர் வாசலில் நின்றார். அவர் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட வேலை பார்க்கிற இன்னொரு டீச்சரின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அதில் உள்ளவை நகல் ஆகிக்கொண்டிருந்த நேரத்தில், போன வாரத்துக்கான தன் பக்கத்தை எழுத உட்கார்ந்தார், இருபத்தி நாலு. மணிமணியான எழுத்து, இடது பக்கம் ஓரக்கோடு போட்டு, "நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை" என்று ஆய்வகக் குறிப்பேடு மாதிரி. முடித்த பிறகு நோட்டைப் பின்னால் புரட்டிக்கொண்டிருந்தார். பையிலிருந்து சிவப்புப் பேனா எடுத்ததை நான் கவனிக்கவில்லை.

தம்பி வந்து நோட்டைப் பிரித்தவன் அப்படியே நின்றான். பதினேழாம் பக்கத்தில் "பக்கதில்" மேல் ஒரு "த்" ஏறியிருந்தது. "கண்ரோல்", "பாஸ்வேடு" இரண்டுக்கும் வட்டம். "அமுக்கனும்" அடிக்கோடு போட்டு "அமுக்கணும்" ஆகியிருந்தது. "மறஞ்சுருக்கு" அப்படியே விடப்பட்டிருந்தது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும்.

"எக்கா," என்றான், நோட்டை என் பக்கம் திருப்பி. "பத்துக்கு ஆறரை போட்டிருக்காவ."